சேலம் சமவெளியில் சைக்கிள் சக்கரம்

முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40. சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு சாலைகளில் பல தலைமுறை ஓடிய கறுப்பு சைக்கிளின் கணக்கு இது. இங்கிலாந்தில் பிறந்த வழக்கம். முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் தயாரித்த ஹெர்குலிஸ் வண்டிகளிலும் அதையே தொடர்ந்தது.

பின்பக்கத்தில் எட்டுக் கம்பி கூடுதலாக இருப்பது வீண் அல்ல. ஓட்டுபவரின் எடையில் பெரும்பங்கும், கேரியரில் கட்டுவது ஏறக்குறைய முழுவதும் பின்சக்கரத்தில்தான் இறங்கும். சேலத்தின் அம்மாப்பேட்டை, குகை பகுதி நெசவாளர்கள் நூல் கட்டையும் பாவையும் ஏற்றினார்கள். பால்காரர் கேன்களை மாட்டினார். நாமக்கல்லில் கோழிப்பண்ணை பெருகியபின் முட்டை அட்டைகளும் சேர்ந்தன. கம்பிகள் ஹப்பிலிருந்து நேராகப் போகாமல் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சாய்வாகச் செல்லும். மிதிக்கும் விசையை ரிம்முக்குக் கடத்துவது அந்தச் சாய்வுதான். ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் காப்புரிமை பெற்ற முறை அது.

ரிம்மைத் தீர்மானித்தது பிரேக். பழைய கம்பி பிரேக்கின் கட்டைகள் பக்கவாட்டில் கவ்வுவதில்லை. ரிம்மின் உட்புறத்தில், ஹப்பை நோக்கிய முகத்தில் அழுந்தும். ஆகவே சக்கரம் கொஞ்சம் கோணினாலும் வண்டி நிற்கும். மழையில் இரும்பு ரிம் வழுக்கும் என்பது வேறு கதை. பக்கங்களைக் கவ்வும் கேபிள் பிரேக் வந்தபின் இந்தச் சலுகை போய்விட்டது. கோட்டம் எடுக்காத சக்கரத்தில் கட்டை சுற்றுக்குச் சுற்று உரசும்.

கோட்டம் எடுப்பது கடைக்காரரின் கண்ணும் விரலும் சேர்ந்த வேலை. வண்டியைக் கவிழ்த்து, ரிம்மோரம் சுண்ணக்கட்டியைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால் புடைத்த இடத்தில் வெள்ளை ஒட்டும். அங்கே எதிர்ப்பக்கக் கம்பியின் நிப்பிளை முடுக்கி, இந்தப் பக்கத்தை இளக்க வேண்டும். இரும்பு ரிம் சுத்தியலுக்கும் வளைந்து கொடுக்கும். அலுமினிய ரிம் அப்படி அல்ல. கனமானாலும் ஊர்ப்புறம் இரும்பையே பிடித்துக்கொண்டதற்கு அது போதுமான காரணம்.

டயர் 28க்கு ஒன்றரை அங்குலம். பெரிய வட்டமானதால் குழியில் அதிகம் இறங்காது. கருவேல முள் மட்டும் எந்த அளவையும் மதிப்பதில்லை. டியூபின் வால்வோ ஒரு சிறு ரப்பர்க் குழாயை நம்பியது. அதைப் பல்லால் இழுத்துக்கூட மாற்றலாம்.

1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. சுமை மெல்ல மொபெட்டுக்கு மாறியது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்குத் தொடங்கி 2005-06இல் விரிவான அரசின் சைக்கிள் திட்டத்தால் கேரியரில் புத்தகப்பை ஏறியது. அதற்கு 40 கம்பி தேவைப்படவில்லை.