அறுவைக்குப் பின் வந்த இரு துன்பங்கள்

1853ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நூற்பாலை நகரமான லோவெலில், வால்ட்டர் பர்ன்ஹாம் என்னும் மருத்துவர் ஒரு பெண்மணியின் வயிற்றைத் திறந்தார். சூற்பையில் கட்டி வளர்ந்திருப்பதாக எண்ணி, அதனை நீக்கவே அவர் கத்தியைக் கையில் எடுத்தார். குளோரோபாரம் கொடுக்கப்பட்டிருந்த அப்பெண்மணிக்குத் திடீரென்று வாந்தி கண்டது. அந்த விசையில், பெரிய நார்க்கட்டியோடு கூடிய கருப்பை வயிற்றின் திறப்பு வழியே வெளியே வந்துவிட்டது. மருத்துவர் அதனை உள்ளே தள்ள முயன்றார், இயலவில்லை. வேறு வழியின்றிக் குருதிக் குழாய்களைக் கட்டிவிட்டுக் கருப்பையையே நீக்கினார். பெண்மணி பிழைத்துக் கொண்டார். வயிற்றைத் திறந்து கருப்பையை நீக்கியபின் நோயாளி உயிர் தப்பிய முதல் நிகழ்ச்சி என மருத்துவ வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இதனைத்தான்.

ஆக, இவ்வறுவைச் சிகிச்சையின் வரலாறு வெற்றிகரமாகத் தொடங்கியதே ஒரு வாந்தியினால்! மாணவ நேயர்களே, அந்த வாந்தியை அடக்குவதற்கு மருத்துவ உலகம் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது, ஏன் எடுத்துக்கொண்டது என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

கருப்பையில் நார்க்கட்டி வளர்வதாலும், மாதந்தோறும் அளவு மீறிக் குருதி போவதாலும், புற்று நோயாலும் துன்புறும் பெண்களுக்கு இச்சிகிச்சை செய்யப்படுகிறது. மயக்க மருந்து அறியப்படாத காலத்தில் வயிற்றைத் திறப்பது எத்தகைய செயல் என்று எண்ணிப் பாருங்கள். 1809ஆம் ஆண்டு டிசம்பரில், கென்டக்கி மாநிலத்து டான்வில் என்னும் சிற்றூரில், எஃப்ரைம் மக்டவல் என்ற மருத்துவர் ஜேன் கிராஃபோர்டு என்ற அம்மையாரின் சூற்பைக் கட்டியை அகற்றினார். அம்மையார் அறுபது மைல் குதிரையேறி வந்தவர். சிகிச்சை முடிய இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் துதிப்பாடல்களைச் சொல்லிக்கொண்டே வலியைப் பொறுத்தார் என்பர். ஐந்தாம் நாள் மருத்துவர் சென்று பார்த்தபோது, அம்மையார் எழுந்து தம் படுக்கையைத் தாமே சரி செய்துகொண்டிருந்தாராம்! இந்தப் படுக்கையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதனிடம் திரும்பி வருவோம். எல்லோருக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. 1843ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து சார்ல்ஸ் கிளே, இதே போன்று நோயைத் தவறாகக் கணித்து வயிற்றைத் திறந்து கருப்பையை நீக்க நேர்ந்தபோது, அந்நோயாளி குருதிப் பெருக்கால் இறந்துபோனார்.

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகரில் மார்ட்டன் ஈதரின் வல்லமையை உலகறியக் காட்டினார். அடுத்த ஆண்டு எடின்பரோவில் சிம்சன் குளோரோபாரத்தைக் கொண்டுவந்தார். கத்தி படும் நேரத்து வலி ஒழிந்தது. ஆனால் நோயாளி கண் விழித்ததும் வேறொரு துன்பம் காத்திருந்தது. ஈதர் முகர்ந்தவர்களில் நால்வரில் மூவர் வாந்தி எடுத்தனர் என்று கூறுவர். வயிற்றில் புதிதாகத் தைத்த புண் இருக்கையில் வாந்தி எடுப்பது சாதாரண வாந்தியன்று. ஒவ்வோர் உந்தலிலும் வயிற்றுத் தசைகள் அத்தையலைப் பிடித்து இழுக்கின்றன. உடலின் நீரும் உப்பும் வெளியேறுகின்றன. அரை மயக்கத்திலுள்ளவர் வாந்தியை மூச்சுக்குழலுக்குள் இழுத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ இதனை அன்றே கூர்ந்து கவனித்தவர். காலரா குடிநீர் வழியே பரவுகிறது என்று காட்டிய அதே ஸ்னோதான். சிகிச்சைக்குச் சற்று முன் உணவு உண்டவர்க்கும், முடிந்தவுடன் அசைக்கப்பட்டவர்க்கும் வாந்தி மிகுதியாக வருகிறது என்று அவர் எழுதினார். ஆயினும் இதனைப் பெரிய பொருளாகக் கருதியவர் அக்காலத்தில் மிகச் சிலரே. அதற்காக அவர்களைக் குறை கூறுவதும் முறையாகாது. பர்ன்ஹாம் பின்னர்ச் செய்த இத்தகைய சிகிச்சைகளில் பிழைத்தவர் மிகச் சிலர். குருதிப் பெருக்கும் சீழும் பெண்களைக் கொன்று குவித்த காலத்தில், உயிரோடு மீண்ட ஒருத்தி வாந்தி எடுத்தால், அது பிழைத்ததற்கு அடையாளமாகவே கொள்ளப்பட்டிருக்கும். 1867இல் லிஸ்டர் கிருமி நீக்கும் முறையை வெளியிட்டு, அது மெல்லப் பரவிச் சாவு பின்வாங்கிய பிறகுதான் துன்பம் கண்ணுக்குத் தெரியலாயிற்று.

மீண்டும் 1853ஆம் ஆண்டுக்கே வருவோம். லோவெலில் பர்ன்ஹாம் கருப்பையை நீக்கிய அவ்வாண்டில்தான், ஏப்ரல் திங்களில், ஸ்னோ விக்டோரியா அரசியாரின் பிரசவத்திற்குக் குளோரோபாரம் கொடுத்தார். அதே ஆண்டில் எடின்பரோவின் அலெக்சாந்தர் உட், உட்துளையுள்ள ஊசியால் தோலுக்கடியில் மருந்து செலுத்தும் முறையைக் கையாண்டார். அபினியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மார்பின் இவ்வூசியின் வழியே உடலுக்குள் சென்றது. அறுவைக்குப் பிந்திய வலிக்கு நூறாண்டுக்கு மேல் மருத்துவர் நம்பியிருந்த பெருந்துணை இதுவே.

ஆனால் மார்பின் இருமுனைக் கத்தி. வலியைத் தணிக்கும் அதே மருந்து குமட்டலைக் கிளப்பிவிடும். வாந்தி எடுத்தால் புண் வலிக்கும். வலித்தால் மேலும் மார்பின். மார்பின் கொடுத்தால் மேலும் வாந்தி. கருப்பை நீக்கப்பட்ட பெண் படுக்கையில் இந்தச் செக்கைத்தான் சுற்றி வந்தாள். நம் ஊர் மூத்த பெண்மணிகளைக் கேட்டுப் பாருங்கள்: "ஆபரேஷன்கூடத் தெரியவில்லை அம்மா, அதற்கப்புறம் வந்த வாந்திதான் உயிரை எடுத்தது" என்று சொல்லுபவர் பலர் இருப்பர்.

மார்பின் ஏன் குமட்டுகிறது? இதற்கு விடை துலங்க மேலும் நூறு ஆண்டு சென்றது. பாரிசன், வாங் என்ற இரு அமெரிக்க உடலியல் அறிஞர்கள் 1953ஆம் ஆண்டில் வாந்தியின் இயக்கத்தை விளக்கிப் பெரிய கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். நம் மூளையை நச்சுப் பொருள்களிடமிருந்து காக்க, குருதிக்கும் மூளைக்குமிடையே ஒரு தடுப்பு இருக்கிறது. ஆனால் முகுளத்தருகே ஓரிடத்தில் மட்டும் அத்தடுப்பு மெலிந்திருக்கிறது. சுங்கச் சாவடியில் வண்டிகளைச் சோதிப்பதுபோல், அவ்விடம் குருதியில் ஓடும் பொருள்களைச் சோதிக்கிறது. நஞ்சென்று கண்டால் வாந்திக்கு ஆணையிடுகிறது. மார்பினையும் அது நஞ்சென்றே கொள்கிறது. வயிற்றிலிருந்தும், காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பிலிருந்தும் வேறு நரம்புகள் வாந்தி மையத்துக்குச் செய்தி கொண்டு போகின்றன. பல வாயில்கள் உள்ள வீட்டில் ஒரே கதவைப் பூட்டினால் திருடன் நிற்பானா?

ஒவ்வொரு கதவுக்கும் பூட்டுக் கண்டுபிடிக்கும் வேலை அதன்பின் விரைந்து நடந்தது. 1950இல் பிரான்சில் உருவான குளோர்ப்ரோமசீன் மனநோய்க்கு மருந்தாகப் புகழ் பெற்றதாயினும், வாந்தியையும் அடக்கியது. 1961இல் பெல்ஜியத்திலிருந்து டிராபெரிடால் வந்தது. புற்று நோய் மருந்துகளால் வரும் கடும் வாந்திக்குச் செரடோனின் என்னும் பொருள் காரணமாவதை 1980களில் கண்டனர். அதனைத் தடுக்கும் ஆன்டான்செட்ரான் 1991இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதற்கிடையே 1986இல் பெல்ஃபாஸ்ட் நகரத்து டண்டீ, சீன மருத்துவர் காலங்காலமாக ஊசி குத்தி வந்த ஓரிடத்தை, மணிக்கட்டின் உட்புறம் மூன்று விரற்கிடை மேலேயுள்ள இடத்தை, சிறிய மகளிர் அறுவைகளில் சோதித்துப் பார்த்து, குமட்டல் குறைவதாக அறிவித்தார். மேலை நாட்டு அறிஞர் சிலர் முகம் சுளித்திருக்கலாம். பின்னர் நடந்த பல ஆய்வுகள் அவருக்குத் துணை நின்றன.

இனி வலியின் கதைக்கு வருவோம். நான்கு மணிக்கொரு முறை, அதுவும் நோயாளி கேட்டால், நர்ஸ் வந்து ஊசி போடுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. கேட்க வெட்கப்பட்ட பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். போட்டவுடன் மயக்கமும் குமட்டலும். மருந்து வடிந்ததும் வலி. அமெரிக்க மருத்துவர் செக்ஸர் 1960களின் இறுதியில், நோயாளியே ஒரு பொத்தானை அழுத்திச் சிறிது சிறிதாக மருந்து பெறும் ஏற்பாட்டைச் சோதித்தார். வலியை அறிந்தவர் நோயாளியே என்னும் எளிய உண்மை அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

அதனினும் ஆழமான கருத்து ஒன்று முன்பே முளைத்து மறக்கப்பட்டுக் கிடந்தது. கிளீவ்லாந்து நகரத்து ஜார்ஜ் கிரைல் 1913ஆம் ஆண்டளவில், 'நோயாளி மயங்கியிருந்தாலும் அவர் நரம்புகள் மயங்கவில்லை. புண்ணின் செய்தி மூளைக்குப் போய்க்கொண்டேயிருக்கிறது. ஆகவே கத்தி வைக்கும் இடத்தையும் முன்னதாகவே மரக்கச் செய்ய வேண்டும்' என்று வாதிட்டார். எழுபது ஆண்டுக்குப் பின், 1983இல், கிளிஃபர்ட் உல்ஃப் என்ற அறிஞர், காயத்தின் செய்தி தண்டுவட நரம்புகளையே மிகைப்பட உணர்ச்சியுள்ளனவாக மாற்றிவிடுகிறது என்று காட்டினார். கிரைல் கூறியவை எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆயினும் வலியை வந்தபின் துரத்துவதைவிட வருமுன் தடுக்கலாம் என்ற எண்ணம் உயிர் பெற்றது.

இதனை முழு முறையாக்கியவர் டென்மார்க்கின் ஹென்ரிக் கேலட். 1993இல் அவரும் டால் என்பவரும் எழுதிய கட்டுரை, ஒரே மருந்தைப் பேரளவில் கொடுக்காமல், வெவ்வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகள் பலவற்றைச் சிறிதளவில் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. பாரசிட்டமால் ஒருபுறம், வீக்கம் தணிக்கும் மருந்து ஒருபுறம், நரம்பை மரக்கச் செய்யும் ஊசி ஒருபுறம். மார்பின் தேவைக்கு மட்டும். வயிற்றுச் சுவரின் தசையடுக்குகளுக்கிடையே நரம்புகள் ஓடும் தளத்தில் மரப்பு மருந்து செலுத்தும் முறை, கருப்பை நீக்கப்பட்ட பெண்களிடம் சோதிக்கப்பட்டு 2008இல் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்றவர்க்கு மார்பின் மிகக் குறைவாகவே தேவைப்பட்டது. மார்பின் குறைந்தால் குமட்டலும் குறையும். பழைய செக்கு நின்றது இங்கேதான்.

வயிற்றை அகலத் திறவாமல் சிறு துளைகள் வழியே கருப்பையை நீக்கும் முறையை 1988இல் அமெரிக்காவின் ஹாரி ரீக் செய்துகாட்டினார். புண் சிறிது, வலியும் சிறிது. ஆனால் வயிற்றை உப்பச் செய்யச் செலுத்தும் கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால், சிலருக்குத் தோளில் வலி தோன்றுகிறது. வயிற்றில் அறுவை, தோளில் வலி! உதரவிதானத்தின் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து புறப்படுவதே காரணம்.

பட்டினி பற்றியும் ஒரு சொல். 1946இல் நியூயார்க்கின் மெண்டல்சன், பிரசவ மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் சென்ற 66 நிகழ்ச்சிகளை விளக்கினார். அதிலிருந்து 'நள்ளிரவுக்குப் பின் ஒரு சொட்டு நீரும் கூடாது' என்ற விதி எங்கும் வேரூன்றியது. நோயாளி தொண்டை வறண்டு சிகிச்சைக்குச் சென்றாள். 1999இல் அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் சங்கம், நலமுள்ள நோயாளிகள் இரண்டு மணி நேரம் முன்வரை தெளிந்த நீர் அருந்தலாம் என்று அறிவித்தது. இதனோடு, சிகிச்சையன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நடக்க வைப்பதும் கேலட்டின் வழியைப் பின்பற்றியோர் கைக்கொண்ட முறை. ஜேன் கிராஃபோர்டு அம்மையார் படுக்கையைச் சரி செய்ததைக் கண்டு வியந்த மக்டவல் இன்று வந்தால், அம்மையார் ஐந்து நாள் ஏன் காத்திருந்தார் என்று கேட்பார்.

யாருக்கு வாந்தி வரும் என்பதை முன்கூட்டி அறிய முடியுமா? ஜெர்மானிய அறிஞர் அப்ஃபெல் 1999இல் நான்கே கேள்விகளால் அதற்கு வழி செய்தார். நோயாளி பெண்ணா? புகை பிடிக்காதவரா? பயணத்திலோ முந்திய அறுவைக்குப் பின்னரோ வாந்தி எடுத்தவரா? சிகிச்சைக்குப் பின் மார்பின் வகை மருந்து தேவைப்படுமா? ஒன்றுக்கும் 'ஆம்' இல்லையெனில் நூற்றில் பத்துப் பேருக்கு வாந்தி, ஒன்றெனில் 21, இரண்டெனில் 39, மூன்றெனில் 61, நான்கெனில் 79. இவரே 2004இல் 5,199 நோயாளிகளைக் கொண்டு ஆறு தடுப்பு முறைகளைச் சோதித்தார். ஆறையும் சேர்த்தும் பிரித்தும் பார்த்தால் 64 சேர்க்கைகள் என்பதைக் கணித மாணவர் கணக்கிட்டுக் கொள்ளலாம். ஆன்டான்செட்ரான், டெக்சாமெத்தசோன், டிராபெரிடால் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆபத்தைக் குறைத்தது. நூற்றில் எண்பது பேர் துன்புறுவர் என்றிருக்குமிடத்தில் ஒரு மருந்து அதனை 59 ஆக்கும். இரண்டாவது 44 ஆக்கும். மூன்றாவது 32 ஆக்கும். முதல் மருந்து காத்தவர் இருபத்தொருவர், மூன்றாவது காத்தவர் பன்னிருவர். ஆகையால் எல்லோருக்கும் எல்லாவற்றையும் கொட்டாமல், கேள்வி கேட்டு அளந்து கொடுக்கின்றனர்.

கருப்பை நீக்கத்திற்கு வரும் நம் நாட்டுப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் என்பதால் ஒரு புள்ளி. நம் பெண்களில் புகை பிடிப்பவர் மிகக் குறைவாகையால் அநேகமாக இரண்டாவது புள்ளி. மார்பின் வகை மருந்து தேவைப்பட்டால் மூன்றாவது. எஞ்சியது ஒன்றே. ஆகவேதான் இன்று சிகிச்சைக்கு முந்திய நாள் படுக்கையருகே வரும் மயக்க மருந்து நிபுணர், இதயத்தையும் நுரையீரலையும் சோதித்து முடித்தபின், "பஸ்ஸில் மலைப்பாதையில் போனால் உங்களுக்கு வாந்தி வருமா, அம்மா?" என்று கேட்கிறார். கேட்கப்பட்டவர் சிரித்துவிட்டு, கொடைக்கானலுக்குப் போன கதையைச் சொல்லத் தொடங்குகிறார். நிபுணர் அதனைக் குறித்துக் கொள்கிறார்.