வில்லங்கச் சான்றிதழில் வராத வில்லங்கம்

எங்க பக்கம், அதாவது திற்பரப்பு, குலசேகரம் வட்டாரத்துல, மனை வாங்கப் போறவர் முதல்ல வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். யார் யாருக்கு விற்றார், எந்த பேங்கில் அடமானம் இருக்கு என்பதெல்லாம் அதில் வந்துவிடும். தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். ஆனா, அந்த மனையில் முன்னாடி பஸ் ஷெட்டோ லாரி ஒர்க்‌ஷாப்போ இருந்ததா, தரைக்குக் கீழே டீசல் டேங்க் புதைத்திருந்தார்களா என்பது அதில் வராது.

இது இன்று நேற்றுத் தொடங்கிய கதை கிடையாது. திருவிதாங்கூர் அரசு பஸ் போக்குவரத்தைத் தொடங்கியது 1938 பிப்ரவரி 20 அன்று. லண்டன் போக்குவரத்து வாரியத்தில் வேலை பார்த்த சால்டர் என்பவரை வரவழைத்துப் பொறுப்பைக் கொடுத்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த காமர் சேசிஸ், பெர்கின்ஸ் டீசல் எஞ்சின். அரசு முதலில் எடுத்துக்கொண்ட தடமே திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரிதான். டீசல் பஸ் ஓடணும்னா டீசலைச் சேமிக்கணும், எஞ்சின் ஆயில் மாற்றணும், பேட்டரி பார்க்கணும். ஆக, நம்ம மாவட்ட மண்ணுக்கு இந்தப் பழக்கம் எண்பத்தைந்து வருஷத்துக்கும் மேலானது.

1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பிறகு பஸ்ஸின் மேலே இருந்த பெயர் கட்டபொம்மன் என்றும் நேசமணி என்றும் மாறி, கடைசியில் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. தனியார் பஸ், எஸ்டேட் லாரி, பெட்ரோல் பங்க் எல்லாமும் இடையில் பெருகின. பெயரும் உடைமையும் மாற மாற, எந்த மூலையில் எது புதைந்திருக்கு என்ற ஞாபகமும் ஆளோடு ஓய்வு பெற்றுப் போய்விடும்.

டேங்க் என்ன செய்யும்? ஈர மண்ணில் இரும்பு துருப்பிடிக்கும். விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகுது என்று வையுங்கள். இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல், வருஷத்துக்கு 1,500 லிட்டருக்கு மேல். தினமும் டிப் போட்டு அளந்தாலும் இந்தச் சின்னக் குறைவை ‘ஆவியாப் போச்சு’ன்னு கணக்கில் கழித்துவிடலாம். பெட்ரோலும் டீசலும் நிலத்தடி நீருக்கு மேலே மிதக்கும். பெட்ரோலில் உள்ள பென்சீன் நீரில் கொஞ்சம் கரையும், அது புற்றுநோய் உண்டாக்குவது. நமக்கோ வருஷத்தில் இரண்டு மழைக்காலம். நீர்மட்டம் ஏறி இறங்கும்போதெல்லாம் மிதக்கிற எண்ணெயும் ஏறி இறங்கி மண்ணில் அப்பிக்கொள்ளும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் போர்வெல் தண்ணீரில் பெட்ரோலிய வாடை வந்தது. துறைமுகத்திலிருந்து வரும் பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அங்கே குழாய், இங்கே டேங்க். ஆனா கிணற்றுக்கு வந்து சேருவது ஒன்றுதான்.

அமெரிக்காவில் 1980இல் வந்த ஒரு சட்டம், மாசுபட்ட நிலத்தை வாங்கியவரும் பொறுப்பாளி ஆகலாம் என்றது. உடனே வாங்குகிறவர்கள் உஷாரானார்கள். வாங்கும் முன் நிலத்தின் பழைய கதையை விசாரிப்பது வழக்கமாகி, 1993இல் அதற்கென ஒரு பொது நடைமுறையும் வந்தது. அதன் முதல் கட்டத்தில் ஒரு துளைகூடப் போட மாட்டார்கள். பழைய வரைபடம், வான்வழிப் படம், லைசென்ஸ் பார்ப்பார்கள். இடத்தைச் சுற்றி நடந்து, தரையில் ஒட்டுப் போட்ட சிமெண்ட், தனியாக நிற்கும் காற்றுக்குழாய், மூடிய பிட் ஏதாவது தெரிகிறதா என்று தேடுவார்கள். அங்கே வேலை பார்த்தவர்களிடம் பேசுவார்கள். சந்தேகம் வந்தால்தான் அடுத்த கட்டமாக மண்ணையும் நீரையும் எடுத்துச் சோதிப்பார்கள். சொல்லப்போனா, முதல் கட்டம் முழுக்க வரலாற்று ஆய்வுதான்.

நம்மிடம் 1934ஆம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டம் இருக்கு. அதன் முக்கியக் கவலை தீயும் வெடிப்பும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை புதுத் திட்டங்களையும் விரிவாக்கங்களையும் பார்க்கிறது. 2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், புதிய பங்க் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்கணும் என்றது. எல்லாம் இனி வரப்போவதற்கு. ஏற்கெனவே புதைந்து கிடப்பதை நோக்கி வந்தது 2025 ஜூலையில் அறிவித்த மாசுபட்ட இடங்களுக்கான விதிகள். சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிடும் பொறுப்பை அவை உள்ளாட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் கொடுக்கின்றன.

அந்தப் பட்டியல் எங்கிருந்து வரும்? திருவிதாங்கூர் காலத்து வரைபடம் வேணும்னா திருவனந்தபுரத்திலும் தேடணும். அறுபது, எழுபதுகளில் ஸ்பேனர் பிடித்த மெக்கானிக் அண்ணாச்சிகள் இன்னும் சிலர் இருக்காங்க. உங்க ஊர்ல அப்படி ஒருத்தர் இருந்தா, பழைய டேங்க் எங்கே இருந்ததுன்னு கேட்டு, சர்வே நம்பரோடு எழுதி வையுங்க. பக்கத்து வீட்டுக் கிணறு எத்தனை அடி தூரம் என்பதையும் சேர்த்து.