திருகோணமலை ரேடார் நிலையம் (1942)

இரண்டாம் உலகப் போரில் திருகோணமலைத் துறைமுகத்தைக் காக்கப் பிரித்தானிய விமானப்படை எலிசபெத் முனையில் இயக்கிய வான் எச்சரிக்கை நிலையம். வானொலித் துடிப்புகளை அனுப்பி, விமானங்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு தொலைவைக் கணித்தது.

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது அங்கிருந்த ரேடாரிலிருந்து உரிய எச்சரிக்கை வரவில்லை. அதனால் இரத்மலானை விமானத்தளத்தில் போர்விமானங்கள் தரையில் நின்றன. ஏப்ரல் 9 காலை 7 மணி கடந்ததும் திருகோணமலை ரேடார் ஏறத்தாழ 90 மைல் தொலைவிலேயே எதிரியைக் கண்டது. சீனன்குடா விமானத்தளத்திலிருந்து ஹரிக்கேன் போர்விமானங்கள் உரிய நேரத்தில் மேலெழுந்தன. எனினும் துறைமுகம் பலத்த சேதமடைந்தது. ஆனால் கப்பல்கள் பலவும் முந்தைய நாளே வெளியேறியிருந்தன. அதற்கான தகவலைத் தந்தது ரேடார் அல்ல, கடற்பரப்பை வேவுபார்த்த கட்டலினா விமானங்களே. ரேடாரின் புகழைச் சொல்வோர் இவ்விமானிகளை மறக்கலாகாது.

அவ்வாறு வெளியேறிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், தன் விமானங்கள் இன்றியே வாகரைக் கரையோரமாகத் தெற்கே சென்றது. காப்பு விமானங்கள் வந்துசேருமுன், மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியக் குண்டுவீச்சில் மூழ்கியது. 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். துணைக்குச் சென்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வேம்பயரும் மூழ்கியது. இரு கப்பல்களிலிருந்தும் உயிர்தப்பிய சுமார் 600 பேரை மருத்துவக் கப்பல் வீட்டா மீட்டது.