பேராசிரியரின் அலமாரியில் கிடந்த பல்புகள்

மின்விளக்கு லண்டனுக்கு அப்போதுதான் வந்திருந்தது. எரிய எரிய பல்பின் கண்ணாடி உள்ளே கருத்துப்போவது விற்பவர்களுக்குப் பெரிய தலைவலி. எடிசனின் லண்டன் கம்பெனியில் 1882இல் ஆலோசகராகச் சேர்ந்த ஜான் ஆம்புரோஸ் ஃபிளமிங் அதை ஆராயத் தொடங்கினார். 1885இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியரான பின்னும் விடவில்லை. பல்புக்குள் ஓர் உலோகத் தகட்டை வைத்தால், வெற்றிடத்தைத் தாண்டி மின்சாரம் பாய்கிறது. அதுவும் சூடான இழையிலிருந்து தகட்டுக்குப் போகும் எலக்ட்ரான்களாக, ஒரே திசையில். கட்டுரைகள் எழுதினார். யாருக்கும் பயன் தெரியவில்லை. பல்புகள் அலமாரிக்குப் போயின.

1899இல் கம்பியில்லாத் தந்தித் துறையின் மார்க்கோனி கம்பெனி அவரை அறிவியல் ஆலோசகராக்கியது. அட்லாண்டிக்கைத் தாண்டிச் செய்தி அனுப்ப, கார்ன்வாலின் போல்டுவில் மின்சக்தி அமைப்பை வடிவமைத்தவர் அவர்தான். ஆனால் வெற்றி கிடைத்தால் முதன்மைப் புகழ் மார்க்கோனிக்கே என்று கம்பெனி முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டது. 1901 டிசம்பர் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தில் சமிக்ஞையைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அப்படியே நடந்தது, உலகம் ஒருவர் பெயரைத்தான் சொன்னது.

வானொலி அலைகளைப் பிடிக்கும் கருவிகள் அப்போது நம்பகமாக இல்லை. ஃபிளமிங்குக்குக் காதும் மந்தம்; ஒலியைக் கேட்பதைவிட அளவுமானியில் பார்ப்பதே அவருக்கு வசதி. அதற்கு அலைந்து திரும்பும் மின்னோட்டத்தை ஒருதிசைப்படுத்த வேண்டும். 1904 அக்டோபரில் பழைய பல்புகள் நினைவுக்கு வந்தன. எடுத்து மாட்டினார், வேலை செய்தது. நவம்பர் 16 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நம் தாத்தாக்கள் சுவிட்சைப் போட்டுவிட்டு இழை சூடாகும்வரை காத்திருந்த வால்வு ரேடியோவின் வம்சம் அங்கேதான் தொடங்கியது.

ஒப்பந்தப்படி காப்புரிமை கம்பெனிக்குப் போனது. பேராசிரியர் ஏமாந்தார் என்று சொல்வது எளிது, முழுக்கச் சரியல்ல. பல்பு விளக்குத் தொழில் கொடுத்தது, தேவை வானொலித் தொழில் கொடுத்தது. இரண்டையும் அறிந்தவர் கல்லூரி ஆய்வகத்தில் இருந்தார். இருபது வருடம் அந்தப் பல்புகளைத் தூக்கி எறியாமலும் இருந்தார். அவர் மட்டும் செய்யக்கூடியது அதுதான்.

அடுத்த அடியை 1906இல் அமெரிக்கர் லீ டி ஃபாரஸ்ட் வைத்தார்: நடுவே இன்னொரு மின்முனை. பின்னர் மார்க்கோனி கம்பெனியும் அவரும் காப்புரிமைக்காக நீதிமன்றம் ஏறினார்கள். 1943இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபிளமிங்கின் அமெரிக்கக் காப்புரிமை செல்லாது என்றது. அப்போது அவருக்கு வயது 93.