கிரே (ஆங்கிலப் பெயரடை)

கிரே என்பது ஆங்கில மொழியில் வழங்கும் ஒரு பெயரடை ஆகும். கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறத்தை இது பொதுவாகக் குறிக்கும். நெசவுத் தொழிலில் இச்சொல் நிறத்தைக் குறிப்பதில்லை. தறியிலிருந்து இறக்கப்பட்டு, வெளுப்போ சாயமோ அச்சோ இடப்படாத துணியே கிரே துணி எனப்படுகிறது. தமிழகச் சந்தைகளில் இது காடாத் துணி என்று வழங்குகிறது. திருப்பூர் மாவட்டத்திலுள்ள பல்லடம் வட்டாரம் இத்துணி உற்பத்திக்குப் பெயர் பெற்றது.

சொற்பிறப்பு

கிரே பழைய ஆங்கிலத்திலிருந்தே வழங்கிவரும் செருமானியக் கிளைச் சொல் ஆகும். பிரித்தானிய, அமெரிக்க வழக்குகளில் இதன் எழுத்துக்கூட்டலில் ஓர் உயிரெழுத்து மட்டும் வேறுபடும். அமெரிக்க ஆடைத் தொழிலில் பயிலும் கிரேஜ் என்பது வேறு சொல். பதப்படுத்தாத எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லான கிரெஜ்ஜோ, கச்சாப் பட்டைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லாகி, பின் ஆங்கிலத்தை அடைந்தது. பிறப்பால் வேறாயினும் இவ்விரு சொற்களும் துணி வணிகத்தில் ஒரே பொருளைத் தருகின்றன.

பொருள்கள்

இப்பெயரடையின் பொருள், அதைத் தொடரும் பெயர்ச்சொல்லைப் பொறுத்து மாறுகிறது. தமிழிலும் அதற்கேற்ப வெவ்வேறு சொற்கள் உள்ளன.

* முடியைக் குறிக்கும்போது நரை.
* கொங்கு நாட்டுக் காங்கேயம் மாடுகளின் நிறத்தைக் குறிக்கும்போது மயிலை.
* வானத்தைக் குறிக்கும்போது மப்பு அல்லது மந்தாரம்.
* துணியைக் குறிக்கும்போது காடா.
* கிரே வாட்டர் என்பது குளியல், துவையல் முதலியவற்றால் வரும் கழிவுநீர். கழிப்பறைக் கழிவு இதில் சேராது.
* கிரே மார்க்கெட் என்பது உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெறாத வழிகளில் நடக்கும் விற்பனை.

வரலாற்றுப் பயன்பாடு

இடைக்கால ஐரோப்பாவில் சாயமிடாத கம்பளி எளியோரின் உடையாக இருந்தது. 1224-இல் இங்கிலாந்தை அடைந்த பிரான்சிசுகத் துறவியர், அத்தகைய உடையை அணிந்ததால் கிரே துறவியர் எனப்பட்டனர்.

பிரித்தானியர் ஆட்சிக்கால வணிகக் கணக்குகளில், இந்தியாவில் இறக்குமதியான பருத்தித் துணிகள் கிரே, வெள்ளை, வண்ணம் என மூன்றாகப் பிரிக்கப்பட்டன. 1930-ஆம் ஆண்டின் பருத்தி நெசவுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் பிரித்தானியத் துணிக்கு 15 விழுக்காடும் பிற நாட்டுத் துணிக்கு 20 விழுக்காடும் வரி விதித்தது. சாதாரண கிரே துணிக்கு மட்டும், எந்நாட்டினதாயினும், இறாத்தலுக்கு மூன்றரை அணா குறைந்தபட்ச வரியும் இருந்தது. இதனால் எது கிரே என்பதை வரையறுப்பது வரித் தொகையையே தீர்மானிப்பதாயிற்று.

இன்றைய பன்னாட்டுச் சுங்க வகைப்பாட்டில் துணிகளுக்கு வெளுக்காத என்ற சொல்லே கையாளப்படுகிறது. அங்கு கிரே நூல் என்பது, பழந்துணி, நூல் கழிவு ஆகியவற்றைப் பிரித்தெடுத்த இழையிலிருந்து நூற்கப்பட்ட, நிறம் வரையறுக்க இயலாத நூலைக் குறிக்கிறது.

பல்லடம் வட்டாரத்தில்

பல்லடம் விசைத்தறிகளில் கஞ்சியிட்ட பாவு நூலும் ஊடை நூலும் சேர்த்துக் காடாத் துணி நெய்யப்படுகிறது. இத்துணி சாம்பல் நிறமாக இராது. பருத்தியின் இயல்பான மங்கிய மஞ்சள் சார்ந்த வெண்மையுடன் இருக்கும். கஞ்சி, பருத்தியின் மெழுகு, விதைத் துகள் ஆகியன இதில் தங்கியிருப்பதால் நீரை எளிதில் உறிஞ்சாது. கஞ்சி நீக்கல், காரத்தில் வேகவைத்தல், வெளுத்தல் ஆகியவற்றுக்குப் பின்னரே சாயம் சீராக ஏறும். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலிலும் சாயமிடாத பின்னல் துணி கிரே என்றே அழைக்கப்படுகிறது.

இங்கு பெரும்பாலான விசைத்தறியாளர்கள் கூலிக்கு நெசவு செய்கின்றனர். பாவும் ஊடையும் ஜவுளி உற்பத்தியாளருடையவை; தறியும் மின்கட்டணமும் உழைப்பும் விசைத்தறியாளருடையவை. சாயமிடுவதாலும் ஆடையாக்குவதாலும் கூடும் மதிப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. காடா நிலையில் பேசப்படும் நெசவுக் கூலியே வருவாய். 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 விழுக்காடும் ஏனைய ரகங்களுக்கு 20 விழுக்காடும் கூலி உயர்வு அறிவிக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வராததால், 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறியாளர்கள் பல வாரங்கள் தறிகளை நிறுத்திப் போராடினர்.

மொழிபெயர்ப்பு

கிரே துணி என்பதைச் சாம்பல் நிறத் துணி என மொழிபெயர்ப்பது பிழையாகும். சாம்பல் நிறத் துணி சாயமிட்டு முடிக்கப்பட்ட பொருள். காடாத் துணி இனிமேல்தான் பதப்படுத்தப்பட வேண்டிய பொருள். இரண்டின் விலையும் பயனும் வேறு. இந்தியில் இதற்கு வழங்கும் கோரா என்னும் சொல்லும் புதிய, பயன்படுத்தாத, வெளுக்காத என்றே பொருள்படும். அது நிறப்பெயர் அன்று. எனவே நெசவு குறித்த நூல்களிலும் ஒப்பந்தங்களிலும் காடா அல்லது வெளுக்காத துணி என எழுதுவதே பொருத்தமானது.

இவற்றையும் பார்க்கவும்

* பல்லடம்
* விசைத்தறி
* காங்கேயம் காளை