த-க-தி-மி: ஒரே ஸ்வரத்துல ஓடுற பேஸ்லைனோட கதை

ஹெட்போன் இருந்தா மாட்டிக்கோங்க. இன்னைக்குப் பேசப்போற சத்தம் 40-லிருந்து 60 ஹெர்ட்ஸ் பக்கம் குடியிருக்கிற சத்தம். போன் ஸ்பீக்கர்ல அது வரவே வராது.

சைக்கடெலிக் டிரான்ஸ், சுருக்கமா சைட்ரான்ஸ். அதோட பேஸ்லைனை வாயாலயே போட்டுக் காட்டலாமுங்க. தகதிமி, தகதிமி. ‘த’ விழுற இடத்துல கிக் டிரம். ‘க-தி-மி’ மூணு இடத்துலயும் பேஸ். பெரும்பாலும் மூணுமே ஒரே ஸ்வரம். 145 பிபிஎம் வேகத்துல ஓடுற பாட்டுன்னா ஒவ்வொரு எழுத்துக்கும் கிடைக்கிற நேரம் சுமார் 103 மில்லி செகண்ட். ஏழெட்டு நிமிஷம் இதேதான். அதிசயமா நடுவுல கொஞ்ச நேரம் ‘தகிட’ன்னு திஸ்ரத்துக்குப் போயிட்டுத் திரும்பி வரும்.

“இதுல என்ன இசை இருக்கு?”ன்னு வீட்டுல கேட்பாங்க. நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் இந்தச் சத்தத்தோட வரலாற்றுல இருக்கு.

ஆனா அந்த வரலாற்றைத் தேடினா இந்தியா ரெண்டு வேஷத்துலதான் வருது. ஒண்ணு, வெறும் பீச்: கோவாவுல கடற்கரை இருந்துச்சு, வெளிநாட்டுக்காரங்க வந்து ஆடினாங்க, அவ்வளவுதான். இன்னொண்ணு, வாட்ஸ்அப் பெருமை: “இதைக் கண்டுபிடிச்சதே நம்மாளு!” எனக்கு ரெண்டுமே ஒத்துவரலை.

1981-ல ஜப்பானோட ரோலண்ட் கம்பெனி டிபி-303 அப்படின்னு ஒரு சின்ன வெள்ளிப்பெட்டியை விக்க ஆரம்பிச்சது. வடிவமைச்சவர் தடாவோ கிகுமோட்டோ. தனியா உட்கார்ந்து பழகுற கிடார்காரருக்குப் பக்கத்துல பேஸ் வாசிக்க ஆள் வேணுமில்ல, அந்த ஆளுக்குப் பதிலா இந்தப் பெட்டி. ஆனா அது பேஸ் கிடார் மாதிரி கேட்கவே இல்லை. ஸ்வரத்தைத் தனியா, தாளத்தைத் தனியா பதிய வைக்கணும். அதுக்குள்ள மண்டை காஞ்சிடும். 1984-ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. சுமார் 10,000 பெட்டிகள் வெளிய வந்திருந்தது. செகண்ட் ஹேண்ட் கடைகள்ல அடிமாட்டு விலைக்குப் போச்சு.

அந்தப் பெட்டியில ஒண்ணு மும்பைக்கு வந்துச்சு. வாங்கினவர் சரண்ஜித் சிங். இந்திப் படங்களுக்கு ஆர்கெஸ்ட்ராவுல வாசிச்ச செஷன் கலைஞர், பேஸ் கிடாரும் கீபோர்டும் அவர் கை. 1982-ல டிபி-303, டிஆர்-808 டிரம் மெஷின், ஜுபிடர்-8 சின்தசைசர் மூணையும் ஒண்ணாக் கோத்து ஒரு எல்.பி. ரெக்கார்டு போட்டாரு. ‘சின்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. தபலாவை எடுத்துட்டு டிஸ்கோ தாளத்தை வச்சா ராகம் எப்படி இருக்கும்? அவருக்கு இருந்த யோசனை இவ்வளவுதான்.

பைரவ், பூபாளி, மால்கௌன்ஸ் எல்லாம் அதுல இருக்கு. நம்ம பக்கத்துக் கணக்குல மாயாமாளவகௌளை, மோகனம், இந்தோளம். மேல ராகம் ஓடும். கீழ 303 ஒரு சின்னச் சொற்கட்டை விடாம திரும்பத் திரும்பச் சொல்லிட்டே இருக்கும். கார்டு மாறாது.

ஏன் மாறலை? இங்கதான் விஷயமே இருக்குங்க. மேற்கத்திய பாப் பாட்டுல பேஸோட முக்கிய வேலை, கார்டு எங்க போகுதோ அங்க கூடவே போறது. ராகத்துல அந்தப் பயணமே கிடையாது. ஆதார ஸட்ஜம் அசையாம நிக்கணும். அதுக்கு எதிர்லதான் மத்த ஸ்வரங்களுக்கு அர்த்தம். தம்புராவோ சுருதிப்பெட்டியோ கச்சேரி முழுக்க ஒரே இடத்துல நிக்கிறதை நாம யாரும் குறையாச் சொல்றதில்லை. பதினாறு கட்டத்தைச் சுத்திச் சுத்தி வர்ற ஒரு மெஷின் ராகக்காரர் கைக்குப் பொருத்தமா அமைஞ்சது, நான் பார்க்கிற வரைக்கும், அதனாலதான்.

ரெக்கார்டு விக்கலை. அந்தக் கதை அங்கேயே படுத்துடுச்சு.

அஞ்சு வருஷம் கழிச்சு, 1987-ல, சிகாகோவுல ஃப்யூச்சர் அப்படிங்கிற குழு ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டாங்க. அதே 303. வாசிக்கிறப்பவே ஃபில்டர் நாப்பைத் திருகித் திருகி, சத்தத்தைக் குழைய விட்டாங்க. ஆசிட் ஹவுஸ்ங்கிற பேரு அதைச் சுத்தித்தான் பரவுச்சு. அவங்க சரண்ஜித் சிங்கைக் கேட்டாங்கன்னு சொல்ல ஒரு தடயமும் இல்லை. அதனால “நம்மாளுகிட்ட இருந்து எடுத்துட்டாங்க”ன்னு சொல்றது பொய். ரெண்டு ஊர்ல ரெண்டு பேர் ஒரே பெட்டியைத் தட்டித் தனித்தனியா அங்க போய்ச் சேர்ந்தாங்க.

அப்புறம் கோவா. அஞ்சுனா, வாகத்தோர் கடற்கரைகள்ல 70-கள்லயே ராத்திரி ஆட்டம் தொடங்கிடுச்சு. 80-கள்ல அது எலக்ட்ரானிக் இசைக்கு மாறுச்சு. வெயிலுக்கும் தூசிக்கும் வினைல் ரெக்கார்டு தாங்காதுன்னு அங்க டிஜேக்கள் கேசட்லயும் பிற்பாடு டேட் டேப்லயும் வாசிச்சாங்க. பாடுற பகுதியை வெட்டி எறிஞ்சிட்டு, தாளமும் பேஸும் மட்டும் ஓடுற இடங்களை ஒட்டி நீட்டினாங்க. 90-கள்ல அந்த ரசனைக்குன்னே பாட்டு செய்ய ஆரம்பிச்சாங்க. பேரு கோவா டிரான்ஸ். பிரிட்டன்ல சைமன் போஸ்ஃபோர்ட், ஹலூசினோஜென்ங்கிற பேர்ல, 1995-ல போட்ட ‘ட்விஸ்டட்’ அதுல பெரிய ஆல்பம். ஊர்ப் பேரை எடுத்துக்கிட்டாங்க, அந்த ஊர் இசைக்காரங்க பேரு மட்டும் அட்டையில பெரும்பாலும் வரலை.

90-கள் முடியுறப்ப, க-தி-மி பேஸ் ஒரு சட்டமாவே ஆயிடுச்சு. காரணம் ரசனை மட்டுமில்லை, இடநெருக்கடியும்தான். கிக்கும் பேஸும் ஒரே அலைவரிசைக்காரங்க. ரெண்டும் ஒண்ணா விழுந்தா ஸ்பீக்கர்ல கூழாயிடும். அதனால முறைவச்சு விட்டாங்க: நீ ‘த’ எடுத்துக்கோ, நான் ‘க-தி-மி’ எடுத்துக்கிறேன்.

நீங்களே லேப்டாப்ல செய்யணும்னா, சா வேவ் ஒண்ணு போதும். லோ-பாஸ் ஃபில்டரை நல்லா மூடி வைங்க. என்வலப்ல டிகே குட்டையா, சஸ்டெயின் பூஜ்யம். ஒவ்வொரு ஸ்வரமும் தட்டின உடனே சாகணும். ஃபில்டர் என்வலப்பைக் கொஞ்சம் ஏத்தினா முன்னாடி ஒரு ‘டக்’ கிடைக்கும். விரல் தோல்ல படுற சத்தம் மாதிரி. கிக்கோட வால் 100 மில்லி செகண்டுக்குள்ள அடங்கலைன்னா ‘க’ செத்துச்சு. கடைசியா ஒண்ணு, பலர் விட்டுடுறது: ஆசிலேட்டர் ஒவ்வொரு தடவையும் அலையோட அதே புள்ளியில இருந்து தொடங்கணும். ஃபேஸ் ரீட்ரிகர்னு ஒரு பட்டன் இருக்கும். அது இல்லைன்னா மூணு ஸ்வரமும் மூணு விதமா அடிக்கும், அடித்தளமே ஆடும். ஒரே ஸ்வரத்தை ஒரே மாதிரி வாசிக்கிறதுக்கு இத்தனை பாடு!

எந்த ஸ்வரம்? இ-யில இருந்து ஜி வரைக்கும் வழக்கம். எஃப்-னா சுமார் 43.7 ஹெர்ட்ஸ், ஜி-னா 49. கோயமுத்தூர்க்காரங்களுக்கு ஜி புதுசில்லை. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல ஓடுற மோட்டாரோட உறுமல் 100 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்; ஜி-க்கு ஒரு ஸ்தாயி மேல, கொஞ்சம் கூட. பம்பு செட் ஓடுற தோட்டத்துல வளர்ந்தவங்க காதுல அந்தச் சுருதி எப்பவோ ஏறியிருக்கும்.

தமிழ்ப் பாட்டுக்கு இந்த மெஷின் பேஸ் வந்தது 1986 வாக்குல. இளையராஜாவோட ‘புன்னகை மன்னன்’ல யமஹா சிஎக்ஸ்5எம் மியூசிக் கம்ப்யூட்டரை வச்சு சீக்வென்ஸ் செஞ்சாங்க. அதுல கூட வேலை பார்த்தவர் அப்ப திலீப்பா இருந்த ஏ.ஆர்.ரஹ்மான். அதே வருஷம் ‘விக்ரம்’ டைட்டில் பாட்டு. பொள்ளாச்சி ரோட்டு தனியார் பஸ்ல சீட்டுக்கு அடியில அதிர்றது அந்தப் பரம்பரைதான். ஆனா ராஜா பேஸை நிக்க விடமாட்டாரு. அது நடக்கும், எதிர்ப்பாட்டு பாடும். சைட்ரான்ஸ் அதுக்கு நேர் எதிர்த் திசை.

விடிய விடிய ஒரே சுழற்சியில ஆடுறது நமக்குப் புதுசான்னா, அதுவும் இல்லீங்க. மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டதும், பறைக்கு ராத்திரி கம்பத்தைச் சுத்தி ஆடுறதைப் பார்த்திருப்பீங்க. அங்க யாரும் “பாட்டு எப்ப மாறும்”னு கேட்கிறதில்லை. அடி மாறாம இருக்கிறதால ஆள் மாறுறான். ரெண்டுக்கும் இப்ப ஒரே எதிரி வேற: 2000-ல வந்த ஒலி மாசு விதிகள், ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுங்குது. கோவாவுல பல பார்ட்டிகள் பகலுக்கு மாறினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, சரண்ஜித் சிங் என்ன ஆனாரு? 2010-ல ‘பாம்பே கனெக்ஷன்’ங்கிற லேபிள் அந்த ரெக்கார்டை மறுபடி வெளியிட்டுச்சு. கேட்ட பலர் நம்பலை. யாரோ இந்தக் காலத்து புரொட்யூசர் பழைய அட்டை போட்டு ஏமாத்துறான்னு பேச்சு. 1982-ல மும்பையில ஒரு சினிமா வாத்தியக்காரர் இப்படிச் செஞ்சிருக்க முடியும்னு அவங்களுக்குத் தோணவே இல்லை. மனுஷன் மும்பையிலயேதான் இருந்தாரு, கல்யாணம் பார்ட்டின்னு கூப்பிட்ட இடத்துல வாசிச்சுக்கிட்டு. அதுக்கப்புறம் எழுபது வயசுல ஐரோப்பா மேடைகள்ல ஏறி, இருபது வயசுப் பசங்க முன்னாடி அதே ராகங்களை வாசிச்சாரு. 2015 ஜூலையில காலமானாரு.