குடவோலையும் தண்ணீர்க் குடமும்

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே வாக்குக் குடம் வைத்தவர் நாம். ஊர்ச் சபை கண்டவர் நாம். ஏரியைக் காக்க வாரியம் அமைத்தவர் நாம்! மேடைதோறும் இந்தப் பெருமையைக் கேட்கிறோம். கேட்கும்போது தோள் விம்முகிறது, நெஞ்சு நிமிர்கிறது. வெறும் கற்பனையுமன்று அது. உத்தரமேரூரிலே, கோயிற் சுவரிலே, கல்லிலே வெட்டிய சான்று இருக்கிறது.

அந்தப் பெருமையை மறுக்க நாம் வரவில்லை. கல்வெட்டை முழுவதும் படியுங்கள் என்று சொல்லவே வந்தோம். பாதியைப் படித்துவிட்டுப் பரணி பாடுவது வரலாறு ஆகாது.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்டவை அக்கல்வெட்டுகள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தனர். தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தனர். ஆட்டை வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பதவி 360 நாளுக்கு மட்டுமே. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. அவன் உறவினர் பெயரும் போகக் கூடாது! இன்றைய ஆட்சியாளர்களும் எட்டிப் பார்த்துக் கற்க வேண்டிய விதி இது. வியக்கத்தக்கதை வியப்போம், தயக்கமில்லை.

ஆனால், எவர் பெயர் குடத்துக்குள் போயிற்று?

வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். இவற்றுக்கும் மேலாக, மந்திர பிராமணம் ஓதி அறிந்தவனாக இருக்க வேண்டும். நிலம் சற்றுக் குறைந்தால்? அரைக்கால் வேலி இருந்தாலும் போதும். ஒரு வேதமும் பாடியமும் வல்லவனாயிருந்தால் சரி! உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் என்பதன்றோ ஊரின் பெயர்? வேதம் ஓதுவார்க்கு அரசர் அளித்த ஊர், அவர்தம் சபை, அவர்தம் வாரியம்.

ஏர் பிடித்தவன் பெயர் அங்கு இல்லை. கரைக்கு மண் சுமந்தவள் பெயர் இல்லை. அவர்கள் வேதம் ஓதவும் முடியாது. ஓதவில்லை என்பதற்காகக் குடத்திலிருந்து விலக்கவும்பட்டார்கள். கதவைப் பூட்டிய கையே, 'ஏன் உள்ளே வரவில்லை?' என்று கேட்ட கதை இது. வேதியர் ஊர் அல்லாத ஊர்களிலே 'ஊர்' எனும் அவை இருந்தது. அங்கே அமர்ந்தோரும் நிலமுடையோரே.

இனி, ஏரிக்கரைக்குப் போவோம்.

ஏரி தானாக நிற்பதன்று. மழை பெய்தால் கரை கரையும், ஆண்டுதோறும் வண்டல் படியும், மதகு அடைபடும், கலிங்கு சிதையும். வெள்ள இரவில் ஒருவன் விழித்திருந்து பார்க்கவேண்டும். நீர் குறைந்த ஆண்டில், எவன் வயலுக்கு எத்தனை நாழிகை என்று அளந்து விடவேண்டும். அந்தப் பணியைச் செய்தவன் நீர்க்கட்டி. நீராணிக்காரன், மடையன் என்று வட்டாரத்துக்கு ஒரு பெயர் அவனுக்கு. பல ஊர்களில் அவன் ஒடுக்கப்பட்ட குலத்தவன். அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல்லே அவன் கூலி.

ஏன் அவனிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது? அவனுக்குச் சொந்த வயல் இல்லை. ஆகவே எந்த வயலுக்கும் சாயமாட்டான் என்று ஊர் நம்பிற்று. மேல்மடைக்காரனும் கடைமடைக்காரனும் மோதிக்கொள்ளும் வேளையிலே, அவன் திறந்ததே முறை, அவன் அடைத்ததே முறை!

அந்தக் கையைத்தான் ஊர்ப் பொதுக்கிணற்றில் கயிறு இறக்கக் கூடாது என்று தடுத்தார்கள். ஊர் முழுமைக்கும் நீர் பங்கிட்ட கை, தன் வீட்டுப் பானைக்கு நீர் மொள்ள வந்ததும் தீட்டுக் கை ஆகிவிட்டது. நெல்லுக்குப் பாயும்போது ஒட்டாத தீட்டு, குடத்தில் நிரம்பும்போது மட்டும் எப்படி ஒட்டிற்று? பகுத்தறிவு கேட்கும் கேள்வி இது. பழமை இதற்கு விடை சொன்னதில்லை.

வெள்ளையர் வந்தனர். இரயத்துவாரி முறையிலே ஒவ்வொரு பட்டாதாரனிடமும் நேரே வரி பெற்றனர். ஊர் தனக்கென ஒதுக்கி வைத்திருந்த வருவாய் சுருங்கிற்று. ஏரியைப் பழுது பார்க்கப் பணமில்லை. என்ன செய்தனர்? 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று செய்தனர். கரை உடையும் ஆபத்து என்றால் ஊரார் உழைக்க வரவேண்டும், வராவிடில் தண்டம்! 'குடிமராமத்து' என்று இன்று இனிமையாக ஒலிக்கும் சொல்லுக்குப் பின்னே, சட்டத்தின் இந்தச் சாட்டையும் இருந்தது. விளைச்சல் ஒருவன் வீட்டுக்கு, வரி கருவூலத்துக்கு, மண் கூடையோ நிலமில்லாதவன் தலைக்கு!

உரிமைக் குரல் பின்னர் எழுந்தது. பொதுக் கிணறும் குளமும் எல்லார்க்கும் உரியவை என்று 1923இல் பம்பாய்ச் சட்டமன்றமும், 1924இல் சென்னைச் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றின. தீர்மானம் தாளில் இருந்தது. தடை ஊரில் இருந்தது. மகாத் நகராட்சி தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தும், ஒடுக்கப்பட்டோர் அருகில் செல்ல இயலவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள், அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று, சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். ஆடும் மாடும் குடித்த குளம் அது. மனிதன் குடித்ததும், வைதிகர் மாட்டுச் சாணமும் சிறுநீரும் கலந்து ஊற்றிக் குளத்தைத் 'தூய்மை' செய்தனர்! வழக்கு நீண்டு, 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் உரிமையை உறுதி செய்தது. ஒரு கை தண்ணீருக்குப் பத்தாண்டு வழக்கு!

இவை பழங்கதை, இப்போது என்ன குறை என்பார் சிலர். இப்போதையதையும் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள். 40 எக்டேருக்கு மேல் பாசனமுள்ளவை நீர்வளத்துறையிடம். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடம். உழவரையும் நிருவாகத்தில் சேர்க்க 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்புகள் சட்டம் வந்தது. 2017இல் குடிமராமத்து என்னும் பழம்பெயரில் புதுத் திட்டமும் வந்தது. நோக்கம் நல்லதே. ஆனால் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினர் யார்? பாசனப் பரப்பில் நிலம் உடையவர்!

மந்திர பிராமணம் போயிற்று, மகிழ்ச்சி. கால் வேலி மட்டும் வேறு உருவில் நிற்கிறது.

அதே ஊரில், 18 வயது நிரம்பிய எவரும் ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம். காணி நிலமும் வேண்டியதில்லை. ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஏரியைப் பற்றிப் பேச மட்டும் பட்டா கேட்கிறோம். பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில். ஏரி வற்றினால் நடவு வேலை இழப்பவள் நிலமில்லாப் பெண். ஊற்றுக் குறைந்தால் குடத்தோடு நெடுந்தொலைவு நடப்பவளும் அவளே. சங்கத்தில் அவளுக்கு வாக்கில்லை. மீன் பிடிப்பவனுக்கும் ஆடு மேய்ப்பவனுக்கும் மதகைத் திறந்தவன் பேரனுக்கும் நிலமில்லையேல் வாக்கில்லை.

நாம் கேட்பது பெரிதொன்றுமன்று. கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழக்கூடாது என்ற உத்தரமேரூர் விதியை எடுத்துக்கொள்வோம்; நிலமில்லாதவன் பெயர் விழக்கூடாது என்ற விதியைச் சுவரிலேயே விட்டுவிடுவோம். ஏரி நீரால் வாழ்பவர், ஏரிக்கு உழைப்பவர் ஒவ்வொருவருக்கும் சங்கத்தில் இடம் வேண்டும். வரவு செலவு ஊர்மன்றத்தில் உரக்கப் படிக்கப்பட வேண்டும்.

இளைஞர்களே! உங்கள் ஊர் ஏரிக்கரைக்குச் செல்லுங்கள். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். படித்து முடித்ததும், அதில் இல்லாதவர் பெயர்களை எழுதுங்கள். அந்தப் பட்டியலே ஊரின் மெய்யான கல்வெட்டு. அப்பெயர்களும் குடத்தில் விழும் நாளில், குடவோலையைப் பற்றி நாமும் மேடையேறிப் பெருமை பேசுவோம், கூச்சமின்றிப் பேசுவோம்!